காலிஃபிளவர் செடி இலையாகவே வளர்கிறது, பூ வரவில்லை. என்ன உரம் போடலாம்?

நீங்கள் சொன்னதை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். விதை போட்டு நீங்களே வளர்த்த பத்துச் செடிகள், நட்டு மூன்று மாதம் ஆகியும் முழங்கால் உயரத்துக்கு இலை விட்டுச் செழிப்பாக நிற்கின்றன. நடுவில் பூ இல்லை. நாற்றாக வாங்கி நட்ட இரண்டு செடிகளில் மட்டும் எலுமிச்சம்பழ அளவுக்குப் பூ வந்தது, அதுவும் பருக்காமல் பிரிந்துவிட்டது. முட்டை ஓட்டுத் தூள், எப்சம் உப்பு, பூ ஊக்கித் திரவம், பக்கத்தில் வாசனைச் செடி என்று படித்ததையெல்லாம் செய்து பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு என்ன உரம் போட வேண்டும், அல்லது வீட்டுத் தோட்டத்தில் இது சாத்தியமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி உரத்தைப் பற்றியதாகத் தெரிந்தாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு: இந்தச் செடி எப்போது பூ வைக்க முடிவு செய்கிறது, அந்த முடிவில் நம் கை எங்கே இருக்கிறது என்பதுதான்.

நான் தோட்டக்கலை படித்தவன். பல ஆண்டுகள் காய்கறி நாற்று உற்பத்தியிலும், வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வதிலும் இருந்திருக்கிறேன். காலிஃபிளவர் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை உங்களுடையதைப் போலவே உரத்தில் தொடங்கி, கடைசியில் விதைத்த தேதியிலும் நாற்றின் வயதிலும் போய் நின்றவை. உங்களிடம் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. பத்துச் செடிக்கும் இரண்டு செடிக்கும் காரணம் ஒன்றல்ல. ஏறக்குறைய ஒன்றுக்கொன்று எதிரானது என்றே சொல்லலாம். அதனால் ஒரே மருந்து இரண்டுக்கும் பொருந்தாது.

நாம் பூ என்று சொல்வது இன்னும் மலராத பூங்கொத்து. முட்டைக்கோசு, புரோக்கோலி, நூல்கோல் எல்லாமே காலிஃபிளவரோடு ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அதில் காலிஃபிளவரின் தனித்தன்மை என்னவென்றால், தண்டின் நுனிக்குருத்து பூவாக மாறத் தொடங்குகிறது, ஆனால் பூவாகி முடிப்பதில்லை. ஒரு குருத்து பூவாக முயன்று, பாதியில் நின்று, பக்கத்தில் இன்னொரு குருத்தை விடுகிறது. அதுவும் அப்படியே செய்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான குருத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்பதுதான் அந்த வெள்ளைக் கட்டி. செடிக்குள் இருக்கும் மரபணுக்களின் எந்தக் கோளாறு இந்த அடுக்கை உண்டாக்குகிறது என்பதை விளக்கும் ஆய்வு 2021-ல் சயின்ஸ் இதழில் வந்தது. புரோக்கோலியில் குருத்துகள் உண்மையான மொட்டு வரைக்கும் போய்விடுகின்றன. அதனால்தான் புரோக்கோலி ஓரளவு வெப்பத்தையும் கவனக்குறைவையும் பொறுத்துக்கொள்கிறது, வெட்டிய பிறகும் பக்கத்தில் துளிர்க்கிறது. காலிஃபிளவருக்கு அந்த நெகிழ்வு கிடையாது. ஒரு செடிக்கு ஒரு பூ, ஒரே வாய்ப்பு.

அந்த ஒரு பூவுக்கு முன்னால் செடி இரண்டு கட்டங்களைக் கடக்கிறது. முதலாவது இளமைக் கட்டம். இந்தக் காலத்தில் எவ்வளவு குளிர் அடித்தாலும் செடி பூ வைக்க நினைக்காது, இலை மட்டும்தான் விடும். ரகத்துக்குத் தகுந்தபடி குறிப்பிட்ட எண்ணிக்கையில் இலை வந்ததும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. இப்போது செடி வெப்பநிலையைக் கவனிக்கிறது. அந்த ரகத்துக்கு ஏற்ற குளிர்ச்சி சில வாரம் கிடைத்தால் நுனிக்குருத்து மாறும், அதற்குப் பிறகு புது இலை உருவாவது நின்றுவிடும். குளிர்ச்சி கிடைக்கவில்லை என்றால் இலை விட்டுக்கொண்டே போகும். இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று: குருத்து மாறிய நேரத்தில் செடியில் எவ்வளவு இலை இருந்ததோ, ஏறக்குறைய அதற்குத் தகுந்த அளவில்தான் பூ வரும். பூ கண்ணுக்குத் தெரியும்போது அந்த முடிவு எடுக்கப்பட்டுப் பல நாள் ஆகியிருக்கும். அப்போது உரத்தைக் கொட்டிப் பூவைப் பருக்க வைக்க முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் பத்துச் செடிகளுக்கு வருவோம். இலை பெரிது, பச்சை நன்றாக இருக்கிறது, குருத்தும் உயிரோடு புது இலை விடுகிறது என்றால், அவை இரண்டாம் கட்டத்தில் காத்துக்கொண்டிருக்கின்றன. ரகத்துக்குத் தேவையான குளிர்ச்சி இன்னும் வரவில்லை. விதைப் பொட்டலத்தில் இருந்த ரகத்தின் பெயரை நீங்கள் எழுதாததால் எந்தப் பருவத் தொகுதி என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கோடு இப்படிப் போகிறது. முன்பருவ வெப்ப மண்டல ரகங்கள் 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் சராசரி வெப்பத்திலேயே பூ வைத்துவிடும். இடைப்பருவ ரகங்களில் முந்தியவற்றுக்கு 16 முதல் 20 டிகிரி வேண்டும், பிந்தியவற்றுக்கு 12 முதல் 16. ஸ்நோபால் வகையைச் சேர்ந்த பின்பருவ ரகங்கள் 10 முதல் 16 டிகிரி வரை கேட்கும். ஸ்நோபால் பூ வெள்ளையாக, இறுக்கமாக, படத்தில் பார்ப்பது போலவே வரும். அதனால் அந்த விதையைத்தான் பலரும் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். பகலில் 30, இரவில் 23 டிகிரி இருக்கும் மாதத்தில் அதை நட்டால் நீங்கள் இப்போது பார்ப்பதுதான் நடக்கும்.

வெப்பம் தாங்கும் ரகங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். காலிஃபிளவர் மத்தியதரைக் கடலை ஒட்டிய நாடுகளில் உருவான பயிர். குளிர்ந்த ஐரோப்பாவுக்குப் போய் அங்கேயே பல வடிவம் எடுத்தது. 1822-ல் இங்கிலாந்திலிருந்து விதை வட இந்தியாவின் சகரன்பூரில் இருந்த தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. அங்கிருந்து வட இந்திய விவசாயிகள் தங்கள் நிலத்தில் சீக்கிரமாகப் பூத்த செடிகளிலிருந்து ஆண்டுதோறும் விதை எடுத்து, வெப்பமும் மழையும் தாங்கும் தனி வகையையே உருவாக்கிவிட்டார்கள். இன்று உலகத்தின் வெப்பமான பகுதிகளில் வளரும் முன்பருவ ரகங்களில் பலவற்றுக்கு வேர் இங்கேதான். ஆகவே வெப்பமான ஊரில் காலிஃபிளவர் வராது என்பது சரியல்ல. அதற்கென்று இருக்கும் ரகத்தைத் தேடி வாங்க வேண்டும். அவற்றின் பூ கொஞ்சம் சிறியதாக, லேசான கிரீம் நிறத்தில் இருக்கலாம். அது குறை இல்லை.

சரி, அந்த இரண்டு செடிகள். எலுமிச்சம்பழ அளவில் பூ வந்து நின்றதை நாங்கள் பொத்தான் பூ என்போம். இது மேலே சொன்னதற்கு நேர் எதிர்: செடி வளர்வதற்கு முன்பே குருத்து மாறிவிட்டது. ஏழெட்டு இலையை வைத்துக்கொண்டு அது எவ்வளவு பெரிய பூவைத் தாங்கும்? வாங்கி நடும் நாற்றுகளில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம் வயது. சின்னக் குழித்தட்டில் ஆறேழு வாரம் கிடந்து, வேர் சுருண்டு, தழைச்சத்து (நைட்ரஜன்) தீர்ந்து, அடி இலை மஞ்சளாகி நின்ற நாற்றுக்கு வளர்ச்சி அங்கேயே தடைபட்டுவிடுகிறது. நல்ல மண்ணில் நட்டாலும் அது பழைய வேகத்துக்குத் திரும்பாமல் அவசரமாகப் பூ வைக்கிறது. நட்ட முதல் மாதத்தில் தண்ணீர் வாட்டம், வேர்ப்பகுதியில் தண்ணீர் தேங்குவது, களை அமுக்குவது, திடீர்க் குளிர் எல்லாம் இதே வேலையைச் செய்யும். முன்பருவ ரகத்தைத் தாமதமாக, குளிர் தொடங்கிய பிறகு நட்டாலும் பொத்தான் பூதான். உங்கள் இரண்டு நாற்றும் எந்த ரகம் என்று தெரியாததால் வயதா, ரகமா, இரண்டுமா என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பூ இனிமேல் பருக்காது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அடுத்த முறைக்கு நீங்கள் செய்ய வேண்டியது பின்னாலிருந்து எண்ணுவது. உங்கள் ஊரில் ஆண்டின் குளிர்ந்த எட்டு வாரம் எது என்று பாருங்கள். பகல் இரவு இரண்டின் சராசரி எவ்வளவு என்று பாருங்கள். அந்தச் சராசரிக்கு ஏற்ற தொகுதியிலிருந்து ரகத்தை எடுங்கள். நட்டதிலிருந்து அறுவடை வரை முன்பருவ ரகத்துக்கு ஏறக்குறைய 60–75 நாள், இடைப்பருவத்துக்கு 80–100, பின்பருவத்துக்கு 100–130 நாள் ஆகும். அதோடு நாற்றுக்கு ஒரு மாதம் சேருங்கள். குளிர்ந்த வாரங்களின் நடுவில் பூ பருக்கும்படி வைத்துக்கொண்டு அந்த நாட்களைக் கழித்தால் விதைக்கும் தேதி கிடைத்துவிடும். உதாரணத்துக்கு, ஜனவரி நடுவில் அறுவடை செய்ய நினைக்கிறீர்கள், 90 நாள் ரகம் என்றால் அக்டோபர் நடுவில் நட வேண்டும், செப்டம்பர் நடுவில் விதைக்க வேண்டும். உறைபனி விழும் நாடுகளில் இதே கணக்கு வேறு மாதிரி திரும்பும். அங்கே கோடைக் கடைசியில் நட்டு இலையுதிர் காலத்தில் அறுப்பார்கள், அல்லது வீட்டுக்குள் நாற்று விட்டு வசந்தத்தில் நட்டு வெப்பம் ஏறுவதற்குள் அறுப்பார்கள். எந்த ஊராக இருந்தாலும் ஒரே நாளில் எல்லா விதையையும் போடாமல் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாக விதையுங்கள். வெப்பநிலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஒரு தவணை தப்பினாலும் இன்னொன்று பிடிக்கும். ஒரே வாரத்தில் பத்துப் பூ வந்து நிற்பதையும் தவிர்க்கலாம்.

நாற்றில் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் பாதி விளைச்சல் அங்கேயே தீர்மானமாகிறது. விதையை அரை அங்குலத்துக்கும் குறைவான ஆழத்தில் போடுங்கள். 20–25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். முளைத்த உடனே வெளிச்சம் தேவை. நிழலில் வைத்தால் தண்டு நீண்டு துவளும், அந்த நாற்றை நட்டால் காற்றில் சாயும். தண்ணீரை மேற்பரப்பு லேசாகக் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், எப்போதும் சொதசொதவென்று வைத்தால் தண்டின் அடி கருத்து நாற்றழுகல் வரும். முளைக்கும்போது வரும் விதையிலைகளைத் தவிர நான்கு முதல் ஆறு நிஜ இலை, நான்கு அல்லது ஐந்து வார வயது, இதுதான் நடும் நேரம். அதற்கு மேல் தள்ளிப் போகும் என்று தெரிந்தால் பெரிய கோப்பைக்கு மாற்றிவிடுங்கள், குழித்தட்டிலேயே விடாதீர்கள். நாற்றாக வாங்குவதானால் உயரமான, பெரிய நாற்றைத் தேடாதீர்கள். குட்டையாக, தண்டு பென்சிலை விட மெல்லியதாக, அடி இலைவரை பச்சையாக இருப்பதை எடுங்கள். தட்டைத் திருப்பிப் பார்த்து, அடித்துளையில் பழுப்பு வேர் கொத்தாக வெளியே வந்திருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

நடும்போது நுனிக்குருத்தை விரலால் அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது போனால் செடி குருடாகிவிடும், பக்கத்துளிர் வரும், பூ வராது. முன்பருவ ரகத்துக்கு 45 சென்டிமீட்டர், பெரிய பின்பருவ ரகத்துக்கு 60 சென்டிமீட்டர் இடைவெளி. தொட்டியில் என்றால் 15–20 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டிக்கு ஒரே செடி. இடம் மிச்சம் இருக்கிறதே என்று இரண்டாவதை வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். குறைந்தது ஆறு மணி நேர வெயில் தேவை.

இனி நீங்கள் கேட்ட உரம். காலிஃபிளவர் அதிகம் சாப்பிடும் பயிர்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு வேண்டியது பூ வருவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு சதுர மீட்டருக்கு 4–5 கிலோ நன்றாக மட்கிய எரு அல்லது கம்போஸ்ட் கலந்துவிடுங்கள். நட்டு மூன்றாவது வாரம் ஒரு மேலுரம், அதிலிருந்து மூன்று வாரம் கழித்து இன்னொன்று. புண்ணாக்குத் தூள் என்றால் செடிக்கு 25–30 கிராம், யூரியா என்றால் ஒரு தேக்கரண்டி, அதாவது 4 கிராம் அளவு போதும். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டு, மண் அணைத்து, தண்ணீர் விடுங்கள். பூ கண்ணில் பட்ட பிறகு தழைச்சத்தைக் கூட்டினால் பூ தளர்ந்து போகும், இடையிடையே சின்ன இலை எட்டிப் பார்க்கும், தண்டும் உள்ளே பொள்ளலாகும். உங்கள் பத்துச் செடிக்கும் இப்போது உரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணின் கார அமில நிலை (pH) 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் நல்லது. இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், வேறு பயிர்கள் சத்தம் போடாமல் தாங்கிக்கொள்ளும் இரண்டு நுண்சத்துக் குறைபாடுகளைக் காலிஃபிளவர் உடனே காட்டிவிடும். ஒன்று மாலிப்டினம். அமிலத்தன்மை கூடிய மண்ணில், 5.5-க்குக் கீழே போனால், மண்ணில் இருந்தாலும் செடிக்கு அது கிடைக்காது. புது இலைகளில் பச்சைப் பகுதி குறைந்து நடு நரம்பு மட்டும் சாட்டை போல நீண்டு வரும். முற்றினால் குருத்தே செத்துவிடும். உங்கள் செடியின் உள் இலைகள் அகலமாக இருந்தால் இது இல்லை. இந்தக் குறைபாடு இருந்தால் சுண்ணாம்பு இட்டு மண்ணைச் சரி செய்வதுதான் நிலையான தீர்வு, அவசரத்துக்கு லிட்டருக்கு அரை கிராம் சோடியம் மாலிப்டேட் கரைத்து இலையில் தெளிக்கலாம். இன்னொன்று போரான். பூவின் மேல் தண்ணீர் கோர்த்தது போன்ற திட்டுகள் வந்து பழுப்பாகும், தண்டை வெட்டினால் உள்ளே பொள்ளலாக, பழுப்பேறி இருக்கும். தழைச்சத்து மிகுந்து வேகமாக வளர்ந்த செடியிலும் தண்டு பொள்ளலாகும், ஆனால் அதன் உள்சுவர் வெள்ளையாகச் சுத்தமாக இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த நிறம்தான் அடையாளம். போரான் குறைபாடு உறுதியானால் நடும்போது சதுர மீட்டருக்கு 1 கிராம், மிஞ்சினால் ஒன்றரை கிராம் போராக்ஸ் என்ற போரான் உப்பு. அதற்கு மேல் போனால் அதுவே நஞ்சு, அடுத்துப் போடும் பீன்ஸ் கருகிப் போகும். குறைபாடு தெரியாமல் முன்னெச்சரிக்கையாகப் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

தண்ணீர் விஷயத்தில் சுருக்கமாக: வேர் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணில்தான் பரவும், அதனால் மேல் மண் காய்வதே செடிக்கு வறட்சி. வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25–35 லிட்டர் என்று வைத்துக்கொண்டு வெயிலுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறையுங்கள். ஒரு நாள் நிறைய ஊற்றி நான்கு நாள் மறப்பதை விட, கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகக் கொடுப்பது மேல். காய்ந்த இலை, வைக்கோல் எதையாவது மூடாக்காகப் போடுங்கள். மண் சூடு குறையும், ஈரம் நிற்கும். வெப்பமான இடத்தில் இந்த ஒரு வேலை எவ்வளவு உதவுகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பூச்சிகளில் முதலில் பயப்பட வேண்டியது வைரமுதுகு அந்துப்பூச்சி. சின்னப் பச்சைப் புழு, தொட்டால் துள்ளிக்கொண்டு நூலில் தொங்கும், இலையைச் சல்லடையாக்கும். பூச்சிக்கொல்லிகளுக்குப் பழகிக்கொள்வதில் இதற்கு நிகர் குறைவு. 1953-லேயே ஜாவாவில் டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது. 1990-ல் ஹவாயில், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற உயிரியல் மருந்தையே வயல்வெளியில் தாங்கிக்கொண்ட முதல் பூச்சியாகப் பதிவானதும் இதுதான். இதைச் சொல்வது மருந்து வேலை செய்யாது என்று பயமுறுத்த இல்லை, வீட்டுத் தோட்டத்தில் மருந்தை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம் என்பதற்காக. பத்துச் செடிக்கு மிகச் சிறந்த காப்பு, நட்ட அன்றே போடும் மெல்லிய பூச்சி வலை. காலிஃபிளவருக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை என்பதால் கடைசி நாள் வரை மூடியே வைக்கலாம். ஓரங்களை மண்ணால் அமுக்குங்கள், இலை வலையை உரசாதபடி உயரம் விடுங்கள். வலை இல்லை என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து முட்டையையும் புழுவையும் நசுக்குவது, அதற்கும் அடங்கவில்லை என்றால் மேலே சொன்ன பி.டி. மருந்தைச் சாயங்காலத்தில் தெளிப்பது. அதைப் புழு தின்றால்தான் வேலை செய்யும், வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், அசுவினிக்கு உதவாது. அசுவினியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவலாம். வேப்பெண்ணெய் 3–5 மில்லி ஒரு லிட்டருக்கு, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு. நடுப்பகல் வெயிலில் அடித்தால் இலை கருகும். குருத்துக்குள் புகுந்து தின்னும் ஒரு புழுவும் உண்டு, இளம் செடியின் நடுவில் வலைப்பின்னலும் கழிவும் தெரிந்தால் உடனே கிளறி எடுத்துவிடுங்கள். அந்தச் செடியில் குருத்து தப்பியதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்திருப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

நோய்களில் கருப்பழுகலை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இலையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆங்கில வி எழுத்தைப் போல மஞ்சள் விழும், அதில் நரம்பு கருத்திருக்கும். பாக்டீரியா, விதை வழியாகவும் வரும். வந்த பிறகு மருந்து கிடையாது, இலை ஈரமாக இருக்கும்போது செடியைத் தொடுவதையும் மேலிருந்து தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்தி, மோசமான செடியைப் பிடுங்கிவிடுவதுதான். விதையை 50 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து எடுக்கும் முறை பலன் தரும், ஆனால் வெப்பமானி இல்லாமல் கையால் தொட்டுப் பார்த்துச் செய்தால் விதை முளைக்காமல் போகும். முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகு, புரோக்கோலி எல்லாம் ஒரே குடும்பம், ஆகவே அதே இடத்தில் மூன்று ஆண்டுக்கு இவற்றில் எதையும் திரும்பப் போடாமல் இருப்பது நல்லது. வேர் வீங்கிக் கட்டி கட்டியாக இருக்கும் நோய் வந்துவிட்டால் மூன்று ஆண்டும் போதாது, அதன் கிருமி பத்து ஆண்டுக்கு மேலும் மண்ணில் கிடக்கும். வெளியிலிருந்து மண்ணோடு வரும் நாற்றில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது அதனால்தான்.

பூ முட்டை அளவுக்கு வந்ததும் வெளி இலைகளை மேலே கூட்டித் தளர்வாகக் கட்டுங்கள். வெயில் பட்டால் மஞ்சளாகும், சாப்பிடலாம், கெடுதல் இல்லை, ருசியில் கொஞ்சம் கடுமை வரும். தானே இலையால் மூடிக்கொள்ளும் ரகங்களுக்கும், ஊதா, ஆரஞ்சு நிற ரகங்களுக்கும் கட்ட வேண்டியதில்லை. கட்டுவதற்கு முன் பூ ஈரமில்லாமல் இருக்கிறதா, உள்ளே புழு இருக்கிறதா என்று பாருங்கள், ஈரத்தோடு மூடினால் அழுகும். வெப்பமான நாட்களில் ஒரு வாரத்திலும் குளிர்ந்த நாட்களில் இரண்டு வாரத்திலும் தயாராகிவிடும். இன்னும் பருக்கட்டும் என்று காத்திருப்பதுதான் இந்த இடத்தில் பெரிய ஆபத்து. ஓரத்தில் கொத்துகள் விலகத் தொடங்கினாலோ, மேற்பரப்பு அரிசி தூவியது போல சொரசொரப்பானாலோ, அளவு என்னவாக இருந்தாலும் அன்றைக்கே வெட்டிவிடுங்கள். காலை நேரத்தில், சுற்றி நான்கைந்து இலையோடு வெட்டினால் குளிர்பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் நன்றாக இருக்கும்.

இதுவரை சொன்னது கிட்டத்தட்ட எல்லாமே உறுதியானது. நீங்கள் படித்துவிட்டுச் செய்து பார்த்ததாக எழுதியவற்றில் சில அப்படி இல்லை. முட்டை ஓட்டுத் தூள் மெதுவாகக் கரையும், இந்தப் பருவத்துக்குப் பெரிதாக உதவாது, கெடுக்கவும் செய்யாது. எப்சம் உப்பு, மெக்னீசியம் குறைந்த மண்ணில் மட்டும் பயன்படும். அடி இலைகளில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் யோசிக்கலாம், பூ வரவைக்கும் மருந்து அது இல்லை. பூ வரவைக்கும் ஊக்கி என்று விற்கும் திரவங்களைக் காலிஃபிளவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. குளிர்ச்சியின் இடத்தை அவை நிரப்பாது. வாசனைச் செடிகளைப் பக்கத்தில் வைத்தால் பூச்சி வராது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. பெரிய வயலில் கடுகை ஓரத்தில் விதைத்து வைரமுதுகு அந்துப்பூச்சியை அங்கே இழுப்பது நடைமுறையில் உள்ள முறை, ஆனால் பத்துச் செடித் தோட்டத்தில் கடுகும் காலிஃபிளவரும் ஒரு கை தூரத்தில் இருக்கும்போது அதே பலன் வரும் என்று என்னால் உறுதி தர முடியாது. வலைக்குச் செலவழிப்பது மேல் என்பது என் கருத்து.

இப்போது நிற்கும் செடிகளை என்ன செய்வது என்றால், அந்த இரண்டையும் பூ எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பறித்துச் சமைத்துவிட்டு எடுத்துவிடுங்கள், இடம் மிஞ்சும். பத்தையும் பிடுங்க வேண்டாம், முதலில் ஒவ்வொன்றின் நடுவையும் விரலால் விலக்கிப் பாருங்கள். குருத்து இல்லாமல் வெறும் தழும்பாக இருப்பவை குருடானவை, அவற்றை எடுத்துவிடலாம். உள்ளே சின்ன இலைகள் சுருண்டு கூடி, புது இலை வருவது நின்றிருந்தால் பூ தொடங்கிவிட்டது, இன்னும் மூன்று நான்கு வாரத்தில் தெரியும். புது இலை வந்துகொண்டே இருந்தால் உங்கள் ஊரின் அடுத்த ஐந்தாறு வாரத்து வெப்பநிலையைப் பாருங்கள். குறையப் போகிறது என்றால் உரம் எதுவும் போடாமல், மூடாக்கும் சீரான தண்ணீரும் மட்டும் கொடுத்துக் காத்திருங்கள், நிறைய இலை இருப்பதால் வரும் பூ பெரிதாகவே வர வாய்ப்பு உண்டு. ஏறப் போகிறது என்றால் காத்திருப்பதில் பயனில்லை. இளம் இலைகளைக் கீரையாகப் பறித்துச் சமைக்கலாம், முட்டைக்கோசு இலையைப் போலவே இருக்கும். இடத்தை வேறு குடும்பத்துப் பயிருக்குக் கொடுத்துவிட்டு, அந்த விதைப் பொட்டலத்தின் பெயரையும் விதைத்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த பருவத்துக்கு எண்ணத் தொடங்க அது தேவைப்படும்.